‘இல்லை’ விருது

அந்தக் கல்லூரியில் ஒன்றும் சாதிக்காமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். சும்மா நடந்து போகிறவரைக்கூடப் பிடித்து எதிலாவது நியமித்துவிடுவார்கள். மாதம் தவறாமல் ‘புகழேடு’ என்று பளபளப்பான தாளில் பன்னிரண்டு பக்கம் வெளிவரும். யாருக்கு என்ன விருது, யாருக்கு எந்த ஆய்வு நிதி, யார் எந்தக் குழுவில் நியமனம் என்று படத்தோடு போட்டிருக்கும். வேதியியல் பேராசிரியர் ஒருவர் முப்பத்தேழு கேடயம் வாங்கியவர். அவர் பெயரே கேடயம் என்று ஆகிவிட்டது. அந்த முப்பத்தேழில் பதினொன்றை அவரே தலைவராக இருக்கும் சங்கம் அவருக்குக் கொடுத்தது. மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் பொழுது இல்லை. பொருளாதாரக்காரர் ஒருவர் ‘ஆய்வு நிதி பெறுவது எப்படி’ என்று ஆராய்வதற்காக ஆய்வு நிதி பெற்றிருந்தார். தாவரவியல் அம்மா, நியமனக் குழுவை நியமிக்கும் குழுவில் நியமனமானார். அதற்கு முதல் பக்கம் முழுசாகப் போயிற்று.

வகுப்பு எடுத்த செய்தி மட்டும் அதில் வராது. அதற்குக் கட்டம் இல்லை.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் இருபத்திரண்டு வருஷமாக வடிவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் அறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த மூலையில் அவர் நாற்காலி. அதனால் அவர் மூலை சார். புதிதாக வருகிற மாணவர்கள் அதை மூளை சார் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நாள் மரியாதையாக இருப்பார்கள், அப்புறம் எழுத்தைத் திருத்திக்கொள்வார்கள்.

புகழேட்டில் அவர் ஒரே ஒரு தடவை வந்திருக்கிறார். நூலகக் கட்டடத் திறப்பு விழாப் படத்தில், வலது ஓரமாக, ஒரு தோள். அது அவர் தோள்தான் என்று அவர் மனைவி மட்டும் அடித்துச் சொன்னாள். சட்டையைத் தேய்த்தவள் அவள்தானே.

அந்த அம்மாள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இருந்தவரைக்கும் சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்: “இன்னிக்கு என்ன விசேஷம்?”

“ஒண்ணும் இல்ல” என்பார்.

அந்த ‘ஒண்ணும் இல்ல’வில் தொடங்கினால் பேச்சு முடிய ஒரு மணி நேரம் ஆகும். கரும்பலகை துடைக்கிற துணி காணாமல் போனது, மூன்றாம் வரிசைப் பையன் வட்டத்தை முட்டையாகப் போட்டது, குழாயடியில் வழுக்கியது எல்லாம் அதிலிருந்துதான் வரும். ஒண்ணும் இல்லை என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும், மனுஷனுக்கு எவ்வளவோ இருக்கிறது.

இப்போது அவரை ஏதாவது கேட்பது உலகத்தில் ஒன்றே ஒன்று. கல்லூரியின் சாதனைப் படிவம்.

மாதம் ஐந்தாம் தேதிக்குள் எல்லாரும் அதைப் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். பதினாலு கேள்வி. சாதனை இல்லாதவர்கள் கையெழுத்தை மட்டும் போட்டுக் கட்டங்களை வெற்றாக விட்டுவிடுவார்கள். மூலை சாருக்கு மனசு வராது. ஒருவர் நம்மைப் பதினாலு கேள்வி கேட்கிறார், பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதையா? வீட்டில் மேஜையைத் துடைத்து, நல்ல பேனாவாக எடுத்து, நிதானமாக எழுதுவார். மூன்றாவது கேள்வி, பெற்ற விருதின் பெயர்: இல்லை. நான்காவது, வழங்கியவர்: யாரும் இல்லை. ஐந்தாவது, விழாவில் உடனிருந்தோர்: யாரும் இல்லை. இப்படியே பதின்மூன்று வரைக்கும் போவார். பதினாலாவது, ‘வேறு ஏதேனும் கூற விரும்பினால்’. அதில் மட்டும் ஒன்றும் எழுத மாட்டார், கூச்சம்.

புகழேட்டைத் தட்டச்சு செய்த அம்மா இந்தப் படிவத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகி, தனியாக எடுத்து வைத்துவிடுவார். அவர் ஓய்வு பெற்றதும் கல்லூரி ஒரு மென்பொருள் வாங்கியது. படிவங்களை உள்ளே கொடுத்தால் அதுவே செய்தி எழுதிவிடும். வெற்றுக் கட்டமாக இருந்தால் தாண்டிப் போய்விடும். எழுத்து இருந்தால் விடாது.

அந்த மாதப் புகழேட்டின் மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது:

‘கணிதத் துறையின் மூத்த பேராசிரியர் “இல்லை” விருதைப் பெற்றுள்ளார். “யாரும் இல்லை” அமைப்பினர் இவ்விருதை வழங்கிக் கௌரவித்தனர். விழாவில் “யாரும் இல்லை” அமைப்பினர் திரளாகக் கலந்துகொண்டனர்.’

‘திரளாக’ என்பதை மென்பொருளே போட்டுக்கொள்ளும். அதற்குத் தனி விலை.

முதலில் ஓடி வந்தவர் கேடயம்தான்.

“என்ன சார், சொல்லவே இல்லையே!”

“எதை சார்?”

“இல்லையைத்தான்!”

“என்ன இல்ல?”

“ஆகா, விரல வாயில வெச்சாக் கடிக்கத் தெரியாத பாப்பா! பீரோ பக்கத்துல உக்காந்துகிட்டே இல்லைய வாங்கிட்டீங்களே!”

மூலை சாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதற்குள் நாலு பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கடைசியாக அவர் கையை இன்னொரு கை பிடித்தது எப்போது என்று அவர் யோசித்தார். மனைவியின் காரியம் முடிந்த அன்று, வாசலில், யாரோ ஒருவர்.

பதினொரு மணிக்கு முதல்வர் கூப்பிட்டனுப்பினார். முதல்வருக்கு எதுவும் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியாததும் தெரிந்த மாதிரி இருக்கத் தெரியும்.

“உக்காருங்க சார். விருது வாங்கியிருக்கீங்க.”

“இல்ல சார்.”

“அதேதான். யார் கொடுத்தாங்க?”

“யாரும் இல்ல சார்.”

“பெரிய அமைப்பு. என் நண்பர் ஒருத்தர் அதுல ஆயுள் உறுப்பினர். லேசுல யாருக்கும் தர மாட்டாங்களே!”

“சார், நான் சொல்றது என்னன்னா, எனக்கு எந்த விருதும் இல்ல. எதுவும் இல்ல.”

முதல்வர் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எதுவும் இல்லைங்கறது அதுக்கு அடுத்த படி விருதா? அதுவும் வருதா? இருங்க, அவசரப்படாதீங்க. முதல்ல இதுக்கு ஒரு பாராட்டு விழா எடுத்துடுவோம். அடுத்த மாசம் பதினாலாம் தேதி.”

உண்மையைச் சொல்லத்தான் மூலை சார் போனார், இது சத்தியம். சொல்லியும் விட்டார். உண்மை முதல்வரின் மேஜை வரைக்கும் போய்ச் சாதனையாகத் திரும்பி வந்தால் அவர் என்ன செய்வார்?

மறுநாள் அவர் நாற்காலியைக் காணோம். ஜன்னலோரமாக, காற்று வருகிற இடத்தில் போட்டிருந்தார்கள். இடைவேளையில் தேநீர் அவரிடத்துக்கே வந்தது, கூடவே மூன்று பேர் வந்தார்கள். “சார், உங்க அனுபவத்துல...” என்று ஆரம்பித்தார் பொருளாதாரக்காரர். மூலை சார், கரும்பலகைத் துணி காணாமல் போன கதையைச் சொன்னார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் அவ்வளவு சிரிப்பு இல்லை என்று அவருக்கே தெரியும். ஆனாலும் அன்றைக்கு வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நாளைக்குக் கேடயத்திடம் தெளிவாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். நாளைக்கும் தேநீர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். தூரத்து ஊரில் வேலை. வாரம் ஒரு தடவை எட்டு நிமிஷம்: சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வேற என்ன விசேஷம், ஒண்ணும் இல்ல, சரிப்பா வெச்சிடறேன். அம்மாவின் காரியத்துக்கு வந்து போனவள்தான், அப்புறம் வரவில்லை. பாசம் இல்லாத பெண் என்று சொல்லிவிட முடியாது. அவளுடைய அலுவலகத்திலும் விடுப்புக்கு ஒரு படிவம் உண்டு, அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. திருமணம், மரணம், பாராட்டு விழா என்று வரிசையாக அச்சடித்திருக்கும். ‘அப்பாவைப் பார்க்க’ என்று அதில் இல்லை.

“அப்பா! உங்களுக்கு விருதாமே! கல்லூரியோட இணையப் பக்கத்துல பாத்தேன். என்கிட்டகூடச் சொல்லல!”

“ஒண்ணும் இல்லம்மா அது...”

“இந்தத் தன்னடக்கம்தாம்ப்பா உங்களக் கெடுத்துச்சு. அம்மா இருந்திருந்தா தெருவுக்கே சொல்லியிருப்பா. பதினாலாம் தேதி விழாவாமே? நான் வரேன். மூணு நாள் லீவு போட்டுட்டேன்.”

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். “மூணு நாளா?” என்றுதான் வந்தது.

அன்று இருபத்தாறு நிமிஷம் பேசினாள். போனை வைத்ததும் அவர் உள்ளறைக்குப் போய், இரண்டு வருஷமாகப் பிரிக்காத மெத்தையை எடுத்து வெயிலில் போட்டார். தப்புதான். தப்பு என்று தெரிந்தேதான் போட்டார்.

இதற்கிடையில் கல்லூரிக்குத் தூக்கம் போய்விட்டது. ஒருவருக்கு வந்தது நமக்கு ஏன் வரவில்லை என்று ஆளுக்கு ஆள் வயிறு எரிந்தது. முதல்வர், ‘தலைவர், யாரும் இல்லை அமைப்பு’ என்று எழுதி, கீழே ஊர் பெயரை மட்டும் போட்டு, ஒரு பதிவுத் தபால் அனுப்பினார். அவ்வளவு பெரிய அமைப்புக்குத் தெருவும் கதவு எண்ணும் போட்டால் அவமரியாதை என்பது அவர் எண்ணம். ஒரே வாரத்தில் உறை திரும்பி வந்தது. அதன் மேல் தபால்காரர் சிவப்பு மையில், ‘அப்படி யாரும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

முதல்வர் உடனே கூட்டம் கூட்டினார். “பாருங்க, ஏழே நாள்ல பதில்! அமைப்போட பேரு, கையெழுத்து, தேதி, எல்லாம் முறையா இருக்கு. வேற எந்தக் கல்லூரிக்கு இப்படிக் கைப்பட எழுதுவாங்க? நம்மளே தேர்வு பண்ணிக் கொடுத்துக்கலாம்னு இதுக்கு அர்த்தம்.”

“சார், அது தபால்காரர்...” என்று எழுந்தார் மூலை சார்.

“அவர் மூலமாத்தான் அனுப்பியிருக்காங்க. உக்காருங்க.”

அந்த உறை கண்ணாடிச் சட்டத்துக்குள் போய், முதல்வர் தலைக்கு மேல் தொங்கியது. ‘இல்லை’ விருதுக்குத் தகுதிகளை வகுக்க ஒரு குழு நியமனமாயிற்று; தாவரவியல் அம்மா தலைவர். ‘இல்லையின் பன்முகங்கள்’ என்று ஆராயக் கேடயத்துக்கு ஆய்வு நிதி கிடைத்தது. குழு மூன்று அமர்வு உட்கார்ந்து, இரண்டு பெட்டி பிஸ்கட்டைத் தீர்த்து, ஒரே ஒரு விதியை வகுத்தது: படிவத்தின் மூன்றாவது கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருப்பவர் எவரோ அவரே தகுதியானவர்.

ஐந்தாம் தேதி வந்தது. நாற்பத்து மூன்று பேராசிரியர்கள், பெற்ற விருதின் பெயர் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அந்தக் கல்லூரியின் சரித்திரத்தில் எல்லாரும் சேர்ந்து உண்மையை எழுதியது அந்த ஒரு மாதம்தான்.

மூலை சாரும் அன்று மேஜையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விதி அவருக்குத் தெரியாது; சுற்றறிக்கை, பழைய வழக்கப்படி, பீரோ பக்கத்து மேஜையில் போய்க் கிடந்தது. மகள் டிக்கெட் எடுத்துவிட்டாள். மெத்தைக்கு உறை மாற்றியாகிவிட்டது. இந்தத் தடவையும் ‘இல்லை’ என்று எழுதினால் யாராவது ஒருவராவது அதைச் சரியாகப் படித்துவிடுவார் என்று அவர் பயந்தார். பாவம், சொல்லுக்கு அர்த்தம் உண்டு என்று நம்பிய கடைசி மனுஷன். பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் பொய்யை எழுதினார்.

பெற்ற விருதின் பெயர்: ஆம், பெற்றேன்.

வழங்கியவர்: ஓர் அமைப்பு.

விழாவில் உடனிருந்தோர்: என் மகள்.

ஐந்தாவது பதிலை எழுதி முடித்ததும் அதை மட்டும் இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். அழகாக இருந்தது.

மூன்றே நாளில் முதல்வர் கூப்பிட்டார். தாவரவியல் அம்மாவும் இருந்தார். மேஜையில் அவர் படிவம், சிவப்பு வட்டத்தோடு.

“என்ன சார் இது? ‘ஆம்’னு எழுதியிருக்கீங்க?”

“ஆமா சார்.”

“‘ஆம்’னு ஒரு விருது எங்க பதிவுலயே கிடையாது” என்றார் தாவரவியல் அம்மா. “மென்பொருள் ஏத்துக்கல. இல்லை வாங்கினவர் இல்லைன்னுதானே எழுதணும்? வாங்கின விருதோட பேரே தெரியலைன்னா, போன தடவை வாங்கினது எப்படின்னு ஒரு கேள்வி வருது.”

“இல்ல மேடம், நான் என்ன சொல்றேன்னா...”

“இப்ப இல்லைன்னு சொல்லி என்ன பிரயோஜனம்? அஞ்சாம் தேதியோட முடிஞ்சுபோச்சு. நாப்பத்து மூணு பேரும் ஒழுங்கா எழுதியிருக்காங்களே!”

முதல்வர் வருத்தமாகத்தான் பேசினார். “சான்றிதழ் ஏதாவது இருக்கா சார்?”

“இல்ல சார்.”

“வாயால சொல்றீங்க, எழுத்துல இல்லையே!”

அன்று மாலையே ஆணை வந்தது. முறைப்படி வழங்கப்படாத காரணத்தால், கணிதத் துறைப் பேராசிரியரின் ‘இல்லை’ திரும்பப் பெறப்படுகிறது. எதுவும் இல்லாத மனுஷனிடமிருந்து அந்த இல்லையையும் பிடுங்கிக்கொண்டார்கள். வெறுங்கையால் முழம் போட்டவர்கள், கடைசியில் கையையும் வெட்டினார்கள். நாற்காலி ஜன்னலோரத்திலிருந்து பீரோவுக்குப் பக்கத்தில் போனது. அதைத் தூக்க யாரும் வரவில்லை. அவரே தூக்கிக்கொண்டு போனார்.

விழாவில் அவருக்கு நாற்காலி ஏற்பாட்டுப் பொறுப்பு. முன்வரிசையில் ஒரு நாற்காலியில் ‘பேராசிரியரின் மகள்’ என்று ஒரு தாள் பழைய பட்டியல்படி ஒட்டியிருந்தது. அதைக் கிழியாமல் உரித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு பின்வரிசையில் போய் நின்று முதல்வர் பேச்சைக் கேட்டார்.

“ஒரு காலத்துல நம்ம கல்லூரியில என்ன இருக்குன்னு வெளியில கேப்பாங்க. இன்னிக்கு நெஞ்ச நிமித்திச் சொல்றேன்: இல்லை!” கைதட்டல். “இயற்பியல் துறையில? இல்லை! நூலகத்துல? இல்லை! ஆய்வுக்கூடத்துல? இல்லை! எந்தப் பக்கம் திரும்பினாலும் இல்லை. இது ஒருத்தர் உழைப்பு கிடையாது. நிர்வாகம் வருஷக் கணக்கா திட்டம் போட்டு, கூட்டம் கூட்டி, ஒவ்வொரு துறையிலயும் இல்லையக் கொண்டுவந்து சேத்திருக்கு. முதல்வர்ங்கற முறையில எனக்கும் தகுதி அடிப்படையில இல்லை கிடைச்சிருக்கு. மாணவர்களே, நீங்களும் இங்கேருந்து போகும்போது கையில இல்லையோடதான் போவீங்க, இது என் வாக்குறுதி!”

மாணவர்கள்தான் அதிகமாகக் கை தட்டினார்கள். அவர்களுக்குப் புரிந்திருக்கும் போலிருக்கிறது.

மகளிடம் இரண்டு நாள் முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. விழா தனக்கு இல்லை என்று மட்டும் சொன்னார்.

“என்னப்பா இப்படிப் பண்ணிட்டாங்க... பரவாயில்ல விடுங்க. லீவுதான் ரத்து பண்ணணும். காரணம் இல்லாம இங்க தர மாட்டாங்க. அடுத்த தடவ கண்டிப்பா வரேன், என்ன?”

“சரிம்மா.”

“வேற என்ன விசேஷம்ப்பா?”

அவர் உள்ளறைப் பக்கம் பார்த்தார். உறை மாற்றிய மெத்தை தெரிந்தது.

“ஒண்ணும் இல்ல.”

“சரிப்பா, வெச்சிடறேன்.”

ஒரே சொல்தான். இவர் மனைவிக்கு அது தொடக்கம், மகளுக்கு அது முடிவு. குற்றம் யார் மேலும் இல்லை.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி படிவம் வாங்கப் போனபோது, அலுவலக ஜன்னலில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. சாதனை எதுவும் இல்லாதவர்கள் இனி படிவம் தர வேண்டியதில்லை. தேவையில்லாமல் எழுதி மென்பொருளைக் குழப்ப வேண்டாம்.

“உங்களுக்கு வேலை மிச்சம் சார்” என்றார் குமாஸ்தா.

“ஆமா” என்றார் மூலை சார். அறிவிப்பை இன்னொரு தடவை படித்தார். “பழைய படிவம் ஏதாவது கிடக்குமா?”

“குப்பைக்கு வெச்சிருக்கேன். எதுக்கு சார்?”

“சும்மாதான்.”

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். தேநீர் போட்டார். மேஜையைத் துடைத்து, படிவத்தைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து, அது தன்னைப் பார்க்கும்படி நிறுத்திவைத்தார். முதல் பதின்மூன்று கட்டங்களைத் தாண்டினார். பதினாலாவது கேள்வியை வாய்விட்டுப் படித்தார்: “வேறு ஏதேனும் கூற விரும்பினால்?”

இருபத்திரண்டு வருஷமாக வெற்றாக விட்ட கட்டம். படிவத்தைக் கீழே இறக்கிவைத்து, பேனாவைத் திறந்து, ‘ஒண்ணும் இல்ல’ என்று எழுதினார். அப்புறம், குழாய் மறுபடி சொட்டுகிறது என்று எழுதினார். கரும்பலகைத் துணி பீரோவுக்குப் பின்னாலேயே கிடந்தது, நாற்காலியைத் திருப்பிப் போடும்போது கிடைத்தது என்று எழுதினார். மெத்தையை மடித்து வைக்க மனசு வரவில்லை என்று எழுதினார். கட்டம் நிறைந்துவிட்டது.

அடியில் சின்ன எழுத்தில், ‘இடம் போதாவிடில் கூடுதல் தாள் இணைக்கலாம்’ என்று அச்சடித்திருந்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து வந்தார்.